இஞ்சின் கடனுக்கு ஒரு நன்றி அறிவித்தல்

எங்கள் ஊரில் ஒருவனிடம் காசு கேட்டால் அவன் இல்லை என்று சொல்லலாம். யாரும் கோபிக்கமாட்டார்கள். கையெழுத்துக் கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லக்கூடாது. சொன்னால், அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது அவனுக்குப் பக்கத்தில் ஒரு குஞ்சும் வந்து நிற்காது. "ஒரு கையெழுத்துத்தானே, அதுக்கென்ன காசே?" என்பார்கள். காசில்லைதான். அது காசைவிடப் பொல்லாத சாமான் என்பதை நான் கட்டிக் கட்டித்தான் படித்தேன்.

என் புருசன் அமலதாஸ் பிணைக் கையெழுத்து வைத்தது அவருடைய பெரியப்பா மகன் பொனிப்பாசுக்கு. பொனிப்பாஸ் ஒரு லீசிங் கொம்பனியில், தவணைக் கடனுக்கு, பதினைந்து குதிரை வலு வள்ள இஞ்சின் எடுத்தார். கொம்பனிக்காரப் பெடியன் ஊர்காவற்றுறைத் துறையடிக்கே கடதாசிகளோடு வந்தான். இவர் அப்போதுதான் கடலால் வந்திருந்தார். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, மீன் பெட்டிக்கு மேல் வைத்து, ஒரு வரிகூட வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடதாசியில் மீன் செதிலும் ஒட்டியிருந்திருக்கும்.

பொனிப்பாஸ் சில தவணைகள் கட்டினார். பிறகு இஞ்சினை நெடுந்தீவுக்காரர் ஒருவருக்கு விற்று, அந்தக் காசை ஏஜென்சிக்காரனிடம் கொடுத்து, பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். போவதற்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்து நண்டுக் கறியோடு சோறு சாப்பிட்டார். இரண்டாம் தரமும் கறி கேட்டு வாங்கினார். "ஜசிந்தான்ர கைப்பக்குவம் அங்க கிடைக்காது" என்று கண் கலங்கினார். நானும் பெரிய கரண்டியால் அள்ளிப் போட்டேன்.

பிறகு கடன் கேட்டுக் கொம்பனி மோட்டார் சைக்கிள்கள் வரத் தொடங்கின. அவை பொனிப்பாஸ் வீட்டுக்குப் போகவில்லை. அங்கே கேற்றில் பூட்டுத்தான் தொங்கியது. எங்கள் வாசலுக்கு வந்தன. "அண்ணை அனுப்புவார்" என்றார் என் புருசன். அண்ணை அனுப்பினார்தான். பனி கொட்டுகிற வீடியோ அனுப்பினார். கோபுரத்துக்கு முன்னால் நிற்கும் படம் அனுப்பினார். புதுவருசத்துக்கு ரோசாப்பூ அனுப்பினார். கடனைப் பற்றிக் கேட்ட செய்திகளுக்கு மட்டும் பதில் இல்லை. பிறகு நம்பரே மாறிவிட்டது.

"வெளியில மூச்சு விடாதையும்" என்று எனக்குக் கட்டளை வந்தது. "பெரியப்பா வீட்டு மானம்."

பெரியப்பா வீட்டு மானத்துக்குப் பெரியப்பா வீடு ஒரு சதம் கட்டவில்லை. கட்டியது நாங்கள். தவணைக்கு இவருடைய பழைய இஞ்சினை விற்றதில், வள்ளம் கரையில் கவிழ்ந்தபடி கிடந்தது. பக்கத்து வீட்டுக் கோழி அதற்குக் கீழே அடை கிடந்து குஞ்சு பொரித்தது. இவர் வேறு ஆட்களின் போட்டில் மீன் பங்குக்குக் கடலுக்குப் போனார். நான் நண்டுக் கொம்பனியில் சம்பளத்துக்குச் சேர்ந்து, நாள் முழுக்க நின்று அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்தேன். விரல் நுனிகளில் வெட்டுக் காய்ந்த நாள் இல்லை. ஊரில் கேட்டவர்களுக்கு, பொழுது போகவில்லை, அதனால் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னேன். பொழுது போகாதவள் நண்டு உடைக்கத்தான் போவாள், பாருங்கள்.

ஒருவழியாக இஞ்சின் கடன் முடிந்தது. இனி எங்கள் வள்ளத்துக்கு ஒரு இஞ்சின் எடுக்கலாம் என்று வங்கிக்குப் போனேன். அங்கே லோஜனா என்ற பிள்ளை இருந்தாள். இவருடைய அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினாள். முகம் மாறியது.

"அக்கா, அண்ணையின்ர பேர் கிறிப்பில கிடக்கு."

கிறிப் என்றால், நாட்டில் யார் யார் கடனைக் கட்டாமல் இழுத்தடித்தார்கள் என்று எல்லா வங்கிகளும் எட்டிப் பார்க்கும் இடமாம். பொனிப்பாஸ் கட்டாமல் விட்ட மாதமெல்லாம் அங்கே என் புருசனின் பெயரில் இருந்தது.

"இப்ப கட்டி முடிச்சாச்சே பிள்ளை."

"முடிச்சது நல்லது அக்கா. ஆனா பிந்திப் பிந்திக் கட்டினது தெரியுது. சின்ன லோன் ஒண்டு அண்ணையின்ர பேரில எடுத்து, நாள் தவறாமக் கட்டிக் காட்டுங்கோ. அப்பதான் நம்பிக்கை வரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடனால நொந்த மனுசனுக்கு நல்ல பேர் வரவேணுமெண்டா இன்னொரு கடன் எடுக்கவேணுமோ?"

"ஓம் அக்கா. சிஸ்ரம் அப்பிடித்தான்" என்றாள் அந்தப் பிள்ளை. அவளும் சிரித்தாள். அவளில் பிழை இல்லை.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டுச் சொன்னால், எந்தப் பெரிய பாவமும் சில அருள்நிறை மந்திரங்களோடு போய்விடும். கிறிப் அப்படி இரக்கப்படுகிற இடம் இல்லை. அதுவும் செய்யாத பாவத்துக்கு. சரி என்று வலை வாங்கச் சின்னக் கடன் எடுத்தோம். சம்பளம் வந்த அன்றே, அரிசி வாங்கமுதல், தவணையைக் கட்டினேன். மகள் நிலக்சனா யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்தில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்குச் சப்பாத்து வாங்கப் பிந்தியது. தவணை பிந்தவில்லை.

இதற்கிடையில் வீட்டுக்குள் வேறொரு கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு வாய் நீண்டது. அவருக்குக் காது குறைந்தது. ஒருநாள் நான் அவருடைய பரம்பரையையே இழுத்து, அண்ணன் தம்பிமார் எல்லாரும் ஒரே சீலையில் கிழித்த துண்டுகள் என்று சொல்லிவிட்டேன். அதோடு என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். வீட்டில் ரைகர் என்றொரு நாய் நிற்கிறது. அன்றிலிருந்து எங்கள் தபால்காரன் அதுதான்.

"ரைகர், சோறு போட்டாச்சு" என்பேன் நான்.

"ரைகர், எனக்குப் பசியில்லை" என்பார் அவர்.

ரைகர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டும். அந்தச் சோறும் அதற்குத்தான் போகும். வீட்டில் அது ஒன்றுதான் கொழுத்தது. எனக்குச் சிரிப்பாக இருந்தது என்று நினைக்கவேண்டாம். நண்டுக் கொம்பனியில் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டுதான் வேலை. அதற்குள் நான் அழுத அழுகை யாருக்கும் தெரியாது. கடனுக்கு நான் பயப்படவில்லை. இந்த மனிதன் இப்படியே நாயோடு கதைத்துக் கதைத்துக் கிழவனாகிவிடுவானோ என்றுதான் பயந்தேன்.

போன மாதம் லோஜனா வங்கிக்குக் கூப்பிட்டாள். வலைக் கடன் ஒழுங்காகக் கட்டுப்பட்டது, பெயர் இப்போது நன்றாக இருக்கிறது, கோயில் பெருநாள் முடிந்ததும் இஞ்சின் லோனுக்கு வரலாம் என்றாள். நான் எழும்பும்போது மறித்தாள்.

"அக்கா, ஒண்டு. அண்ணை இப்ப வேற ஆருக்கும் பிணை வைக்கக்கூடாது. வைச்சா அதுவும் அவற்ர கடன் மாதிரித்தான் தெரியும். பிறகு இஞ்சினுக்குத் தர ஏலாது."

வீட்டுக்கு வந்து இதை ஒரு சொல் விடாமல் ரைகருக்குச் சொன்னேன். அவர் விறாந்தையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மலர்ந்த முகத்தோடு அவர் செய்த வேலை என்ன தெரியுமா? அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் நின்று, "என்ர பேர் இப்ப பாங்கில கிளீன்" என்று நாலு பேருக்குச் சொன்னார். எப்படி ஊத்தையானது என்று சொல்ல மானம் விடவில்லை. கழுவிய கதையை மட்டும் சொன்னார். எங்கள் ஊரில் பெயர் கிளீன் என்று சொல்வது, வீட்டுக்கு வெளியே சும்மா கிடக்கிற சைக்கிளைக் காட்டுகிற மாதிரி. எடுத்துக்கொண்டு போக ஆள் வந்துவிடும்.

வந்தது வேறு யாருமில்லை. பெருநாளுக்குப் பிரான்சிலிருந்து வந்திறங்கிய பொனிப்பாஸ்.

வெள்ளைச் சப்பாத்து. கருவாட்டு மணத்தையே மூடிவிடுகிற சென்ற் வாசம். பெருநாளுக்கு முதல் நாள் மாலை நடக்கும் நற்கருணை விழாவின் செலவு முழுவதும் தன்னுடைய உபயம் என்று பொறுப்பெடுத்திருந்தார். மின்விளக்குச் சோடனை, பாண்ட் வாத்தியம், வாணவெடி எல்லாம். எங்கள் இஞ்சின் கடன் முழுவதும் ஒருநாள் மாலையில் வெடித்துப் புகையாகப் போவதற்கு ஆயத்தமாக இருந்தது.

இதில் இன்னொரு அழகு இருக்கிறது. பெருநாள் காலத்தில் கோயில் ஒலிபெருக்கியில் உபயகாரர் பெயர் வாசிப்பவர் என் புருசன்தான். வீட்டில் நாயோடு மட்டும் கதைக்கிற மனிதருக்கு மைக்கைக் கண்டால் என்ன குரல் வரும் தெரியுமா! "தற்பொழுது பிரான்ஸ் நாட்டில் வசிப்பவரும், எமது மண்ணின் மைந்தருமான திருவாளர் பொனிப்பாஸ் அவர்களும் குடும்பத்தினரும்..." அந்தக் குரல் புளியங்கூடல் வரைக்கும் கேட்கும். ஆம்பிளைகளுக்குப் பெயர் உண்டு. பெண்களெல்லாம் 'குடும்பத்தினர்'. கலியாணம் முடித்த நாளிலிருந்து நானும் அந்த ஒலிபெருக்கியில் குடும்பத்தினர்தான்.

வந்த இரண்டாம் நாள் பொனிப்பாஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பை சொக்லேற், இவருக்கு ஒரு சேர்ட். கதிரையில் காலை நீட்டி இருந்தார். இஞ்சினைப் பற்றி அவராகச் சொல்வார் என்று குசினி வாசலில் நின்று காத்திருந்தேன். சொன்னார்.

"தம்பி, அண்டைக்கு எனக்குச் சரியான கஷ்டம். நீ சமாளிச்சிட்டாய்தானே. உனக்கு நல்ல மனசு." அவ்வளவுதான். அடுத்த வார்த்தை: "இப்ப தங்கச்சியின்ர மனுசன் ஓட்டத்துக்கு வான் ஒண்டு லீசிங்கில எடுக்கிறான். பிணைக்கு நல்ல பேருள்ள ஆள் வேணுமாம். உன்ர பேர் கிளீன் எண்டு கோயிலடியில சொன்னாங்கள்."

என் கையில் இருந்த சட்டி தானாக விழவில்லை. நான்தான் போட்டேன்.

"அண்ணை, அந்த இஞ்சின் காசு..." என்று தொடங்கினேன். என் புருசன் கண்ணாலேயே மறித்தார்.

"ஜசிந்தா, காசு காசெண்டு சாகக்கூடாது" என்றார் பொனிப்பாஸ், கோயிலில் பிரசங்கம் வைப்பவர்போல. "மேல போகேக்க என்னத்தைக் கொண்டுபோறது?"

இஞ்சினை அல்லவா நீங்கள் கொண்டுபோனீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

"பாப்பம் அண்ணை" என்றார் என் புருசன். எங்கள் ஊரில் பாப்பம் என்றால் ஓம் என்று அர்த்தம். பொனிப்பாசுக்கும் அது தெரியும். "கொம்பனிப் பெடியனை நற்கருணை விழா அண்டைக்குக் கோயிலடிக்கு வரச் சொல்லுறன். அங்கயே வைச்சுக் கையெழுத்தை அடிச்சு விடுவம்" என்று எழும்பிப் போனார்.

"ரைகர்" என்றேன் நான், பொனிப்பாஸ் கேற்றைத் தாண்டியதும். "இந்தக் கையெழுத்தை வைச்சா எங்கட வள்ளம் செத்துது எண்டு சொல்லு."

"ரைகர்" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "பெருநாளும் அதுவுமா முகத்துக்கு நேர எப்பிடி ஏலாது எண்டுறது?"

ரைகர் சொக்லேற் பையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

நற்கருணை விழா அன்று பின்னேரம் கோயில் முற்றம் நிறையச் சனம். மரத்துக்குக் கீழே மேசை, மேசையில் மைக், பக்கத்தில் காணிக்கைத் தகரம். என் புருசன் வெள்ளை வேட்டியோடு இருந்தார். அவருக்குப் பக்கத்தில், மரியாதைக்குப் போட்ட கதிரையில் பொனிப்பாஸ். சேர்ட் பொக்கற்றில் மடித்த கடதாசி வெளியே தெரிந்தது. பேனையும் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி, கொம்பனிப் பெடியன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருசம் யாருக்காவது ஒரு நன்மை கிடைத்திருந்தால், அந்த மேசைக்கு வந்து காணிக்கை போட்டு, பெற்ற நன்மையைச் சொல்வார்கள். நோய் வருத்தம் மாறினது, விசா கிடைத்தது, காணாமல்போன வலை கரையொதுங்கினது, எதுவானாலும். மேசையில் இருப்பவர் அதை ஒலிபெருக்கியில் அறிவிக்கவேண்டும். ஏலாது என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. அது பெருநாள் கொண்டாடுகிற எங்கள் புனிதருக்குச் சொல்லும் நன்றி.

நான் போய் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் மேரிஜோசப்பீன் அக்கா நின்று, தன் மருமகளுக்குப் பிள்ளை கிடைத்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தா. ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை.

என் முறை வந்தது. காணிக்கையைத் தகரத்துக்குள் போட்டேன். என் புருசன் வழக்கம்போல மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, குனிந்தபடியே, "பெற்ற நன்மை?" என்று கேட்டார். பதில் வராமல் நிமிர்ந்தார். என்னைக் கண்டார். அங்கே ரைகர் இல்லை.

மைக்கை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டு, "சொல்லும்" என்றார்.

"என்ர மனுசன்ர பேர் கிறிப்பிலயிருந்து வெளியில வந்தது" என்றேன். "பொனிப்பாஸ் அண்ணை எடுத்திட்டுக் கட்டாமப் போன இஞ்சின் கடனை நாங்கள் கட்டி முடிக்கப் புனிதர் பெலன் தந்தவர். அதுக்கு நன்றி."

பொனிப்பாஸ் கதிரையில் நிமிர்ந்தார். "என்ன ஜசிந்தா, உதுக்கு இதே இடம்?"

"நன்மை பெற்ற ஆக்கள் சொல்லுற இடம் இதுதான் அண்ணை."

"டேய் அமலன், அடுத்த ஆளைக் கூப்பிடு" என்றார் அவர். குரலில் சிரிப்பு மிச்சமில்லை.

என் புருசன் மைக்கிலிருந்து கையை எடுத்தார். ஒலிபெருக்கி இரைந்தது. சனம் கதையை நிறுத்தி மேசைப் பக்கம் திரும்பியது. அவருடைய கண் என் கைக்குப் போனதைக் கண்டேன். விரல்களில் பிளாஸ்ரர் சுற்றியிருந்தது. நான் கையை ஒளிக்கவில்லை.

"நன்றி அறிவித்தல்" என்று தொடங்கினார். அதே பெருநாள் குரல். "தற்பொழுது பிரான்ஸ் நாட்டில் வசிப்பவரும், இன்றைய நாள் உபயகாரருமான திருவாளர் பொனிப்பாஸ் அவர்கள் பெற்றுக்கொண்டு செலுத்தாது சென்ற இஞ்சின் கடனை முழுமையாகச் செலுத்தி முடிக்க, புனிதர் வழியாகப் பெற்ற நன்மைக்கு நன்றி கூறுபவர்கள்..."

நிறுத்தினார். அமலதாஸ் குடும்பத்தினர் என்று வரப்போகிறது என்று நினைத்தேன்.

"ஜசிந்தா" என்றார். பெருநாள் குரல் எங்கேயோ போய்விட்டது. "நண்டு உடைச்சு நண்டு உடைச்சுக் கட்டினவ. அவவின்ர புருசன் அமலதாஸ்." மூச்சை இழுத்தார். அதுவும் ஒலிபெருக்கியில் கேட்டது. "அமலதாஸ் இனி ஆருக்கும் பிணைக் கையெழுத்து வைக்கமாட்டார் என்பதையும் இத்தால் அறியத்தருகிறோம்."

பெண்கள் பக்கத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு அது பரவியது. மேரிஜோசப்பீன் அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு மேசைக்கு வந்தா. "தம்பி, பிள்ளை கிடைச்சது இருக்கட்டும். என்ர மனுசனும் இனி வைக்கமாட்டார் எண்டு ஒருக்கா வாசிச்சுவிடும்" என்றா.

பொனிப்பாஸ் எழும்பி, பொக்கற்றில் இருந்த கடதாசியை இன்னும் ஆழமாகத் தள்ளினார். கொம்பனிப் பெடியனைத் தேடினார். அவன் அதற்குள் மோட்டார் சைக்கிளைத் திருப்பிவிட்டான். கொஞ்ச நேரத்தில் வாணவெடி தொடங்கியது. காசு கட்டின வெடி வெடிக்கத்தானே வேண்டும். உபயகாரர் அதைப் பார்க்க நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்றபோது, என் புருசனுக்குப் பக்கத்தில் யாரும் வரவில்லை. வான் கடதாசியில் வேறொரு மடையன் கையெழுத்து வைத்துவிட்டானாம். அவனைச் சுற்றி நல்ல கூட்டம். நான் போய் இவருக்குப் பக்கத்தில் நின்றேன். "வெயில் ஏறுது, நடவும்" என்றார். என்னிடம் நேரே சொன்னார்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போனோம். லோஜனா எல்லாவற்றையும் பார்த்துச் சரி என்றாள். பிறகு தயங்கினாள்.

"பிணைக்கு ஒராள் வேணும் அண்ணை."

என் புருசன் தலையைக் குனிந்தார். ஊர் முழுக்க ஒலிபெருக்கி போட்டுப் பிணை வைக்கமாட்டேன் என்ற மனிதன் இனி யாரிடம் போய்க் கேட்பது?

"சம்பளக்காரர் ஒராள் போதும்" என்றாள் லோஜனா, என்னைப் பார்த்து. "அக்காவின்ர நண்டுக் கொம்பனிச் சம்பளம் எங்கட பாங்குக்குத்தானே வருது."

கடதாசிகளை எனக்கு முன்னால் வைத்தாள். பேனையைத் திறந்தேன். கடதாசிக் கட்டு கிட்டத்தட்ட ஒரு புத்தகம்போல இருந்தது. முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாம் பக்கத்துக்கு வரமுன்னரே பக்கத்துக் கதிரை கிறீச்சிட்டது.

"ஒரு கையெழுத்துத்தானே" என்றார் என் புருசன். "கெதியா வையுமன்."

நான் பேனையை மூடி மேசையில் வைத்தேன். அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ஒண்டுமில்லை" என்றார் அவசரமாக. "நீர் ஆறுதலா வாசியும்."

கடைசி வரி வரைக்கும் ஆறுதலாகத்தான் வாசித்தேன்.